பிரித்தால் புரிந்த எஞ்சின்

வார்ப்பிரும்பு பிளாக் வைத்த புல்லட் எஞ்சினின் தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கடலூர் முதுநகரில் ஒரு பட்டறையில், 1970களில் வாங்கிய வண்டி ஒன்றைக் கடைசி நட்டு வரை பிரித்ததைக் கூடவே இருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு, காலம் கடந்தாவது இதற்கு ஓர் இரங்கல் எழுதியாக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

புல்லட் எங்கே செத்தது, ஷோரூமில் வரிசையாக நிற்கிறதே என்று கேட்பீர்கள். நிற்கிறது. 2023 செப்டம்பரில் வந்த புதிய புல்லட் நல்ல வண்டிதான். டேங்க்கின் மேல் தங்க நிறக் கோடுகளை இன்னும் கையால்தான் இழுக்கிறார்கள். ஆனால் அதில் கிக்கர் இல்லை. பொத்தானை அழுத்தினால் கிளம்பிவிடும். எரிபொருளை எவ்வளவு உள்ளே விடுவது, தீப்பொறியை எப்போது போடுவது என்பதை ஒரு சின்னப் பெட்டி முடிவு செய்கிறது. அந்தப் பெட்டியைப் பட்டறைக்காரர் திறப்பதில்லை. திறந்தாலும் அவர் பார்த்துத் தெரிந்துகொள்ள அதற்குள் ஒன்றும் இல்லை. பெயர் பிழைத்துக்கொண்டது. போனது எஞ்சின்.

போனவருடைய பூர்வீகம் இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர். அங்கிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது 1901இல். புல்லட் என்ற பெயர் 1930களில் வந்தது. நாம் இங்கே புல்லட் என்று அறிந்த வண்டி, பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் சஸ்பென்ஷனோடு இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த 350 சிசி மாடல். இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு அதைத்தான் தேர்ந்தெடுத்தது. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ரெட்டிச்சோடு கைகோத்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகம் பாகமாகக் கப்பலில் வந்ததை இங்கே பூட்டினார்கள். 1957இல் பாகங்களைச் செய்யும் கருவிகளும் வந்து சேர்ந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே உருவாகத் தொடங்கின. தாய்க் கம்பெனி 1970இல் மூடிவிட்டது. அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகள் திருவொற்றியூரில் அதே எஞ்சின், ஏறக்குறைய அதே வடிவத்தில், வார்த்து எடுக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. பிறந்த ஊரில் வாழ்ந்ததைவிட வாக்கப்பட்ட ஊரில்தான் அது நெடுநாள் வாழ்ந்தது.

எழுபது மில்லிமீட்டர் போர், தொண்ணூறு மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி, பதினெட்டுக் குதிரைத்திறன். இன்றைய கணக்கில் பெரிய சக்தி இல்லை. ஆனால் ஸ்ட்ரோக் நீளமாக இருந்ததால் கீழ் வேகத்தில் இழுவை அபாரம். பின்னால் இரண்டு பேரையும் ஒரு நெல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு புவனகிரிப் பக்கத்து வரப்போரப் பாதையில் மூச்சு வாங்காமல் போகும். ஒன்றுபட்ட தென்னார்க்காட்டில் இந்த வண்டியை வைத்திருந்தவர்களை எல்லோருக்கும் தெரியும்: இன்ஸ்பெக்டர், காட்டுமன்னார்கோயில் பக்கத்து மிராசுதார், கரும்பு ஏஜெண்டு, நெய்வேலிச் சுரங்கத்து ஓவர்சியர், அண்ணாமலை நகரில் அப்பா வண்டியை எடுத்துவந்து சுற்றிய மாணவர். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஒவ்வொரு ஊரிலும், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் தலையைத் திருப்பாமலே வருவது யார் வண்டி என்று சொல்லிவிடுவார். ஒவ்வொரு வண்டியும் தேய்ந்த விதம் வேறு. அதனால் ஒவ்வொன்றின் குரலும் வேறு.

நான் பார்த்த வண்டி கால்நடை மருத்துவர் ஒருவருடையது. குறிஞ்சிப்பாடியில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் அதில்தான் போய்வந்தார். அவர் காலமான பிறகு வண்டி வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றது. 2015 நவம்பர் வெள்ளத்தில் டேங்க் வரை முழுகியது. சிதம்பரத்தில் வேலை பார்க்கும் மகள்தான் அதை மினி வேனில் ஏற்றி முதுநகருக்குக் கொண்டுவந்தார்.

“ஓடணும்ணே. பளபளன்னு இருக்கணும்னு இல்ல, அப்பா ஓட்டின மாதிரி இருக்கணும்” என்றார்.

“ஓடும்மா. ஆனா முழுசா பிரிக்காம ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார் மெக்கானிக்.

பிரிப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்க அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எந்த நட்டு புதுசு, எது கம்பெனி நட்டு, எந்தத் திருகின் தலை சிதைந்திருக்கிறது, எங்கே யாரோ வெல்டிங் வைத்திருக்கிறார் என்று பார்த்துச் சாக்பீஸால் குறி போட்டார். பக்கத்தில் நின்ற என்னிடம், “கழட்டுறதுக்கு முன்னாடி பாத்துடணும் தம்பி. கழட்டுனப்புறம் எல்லாம் வெறும் இரும்புதான்” என்றார். ஒரு வண்டிக்கு என்னென்ன நேர்ந்தது என்பது அது முழுதாக இருக்கும்போதுதான் தெரியும். அவசரப்பட்டுப் பிரித்துக் குவித்துவிட்டால் அந்தக் கதை போய்விடும். பழைய வண்டியைச் சீரமைக்கிறேன் என்று இறங்கும் இளைஞர்கள் பலர் தவறவிடுவது இந்த ஒரு நாளைத்தான்.

உப்பனாற்றங்கரைப் பட்டறைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கடல் காற்றில் அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பலத்தைக் காட்டினால் நட்டு வராது, ஸ்டட் முறியும். ராத்திரியே டீசல் ஊற்றி ஊற விட்டு, காலையில் லேசாகச் சூடு காட்டி, சுத்தியலால் மெல்லத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இழை திருப்பி, பிறகுதான் கழற்றும் பக்கம் திருப்ப வேண்டும். இஞ்சு மரையும் மில்லிமீட்டர் மரையும் ஒரே வண்டியில் கலந்து கிடக்கும். எந்த ஸ்பேனர் எதற்கு என்பது புத்தகத்தைப் பார்க்காமலே அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

டேங்க், சீட்டு, கார்புரேட்டர், சைலன்சர் இறங்கின. ராக்கர் மூடிகள் இரண்டும் வந்தன. ஹெட்டைத் தூக்கினார். பிளாக்கின் உட்சுவரில் மேலிருந்து கீழாக விரல் நகத்தை ஓட்டினார். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் ஒரு படியில் தட்டி நின்றது. பிஸ்டன் ரிங் ஏறும் உச்சி அதுதான்; அதற்கு மேலே தேய்மானம் கிடையாது, கீழே உண்டு. அந்தப் படியின் ஆழம்தான் வண்டி ஓடிய தூரம். “ஒரு தடவ போரிங் போட்டிருக்காங்க. இன்னும் ஒண்ணு தாங்கும்” என்றார். பிளாக் வார்ப்பிரும்பாக இருந்ததன் பயன் இதுதான். தேய்ந்தால் லேத்தில் கொடுத்துக் கொஞ்சம் அகலப்படுத்தி, அடுத்த அளவு பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம். அதுவும் தேய்ந்துவிட்டால் ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்கே திரும்பிவிடலாம். மூன்று தலைமுறை ஓட்ட வேண்டும் என்று எவரும் திட்டம் போட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் அப்படி ஓட்ட அது இடம் கொடுத்தது.

இடது பக்கச் செயின் கேஸ் மூடியைப் பிடித்திருப்பது நடுவில் இருக்கும் ஒரே ஒரு நட்டு. அதைத் திருகி மூடியை இழுத்ததும் வெள்ளம் விட்டுப்போன வண்டல் வெளியே வழிந்தது. களிமண்ணும் எண்ணெயும் சேர்ந்து சாம்பல் நிறக் குழம்பாக இறுகி, கிளச் தட்டுகளை ஒரே கட்டியாக்கியிருந்தன. மருத்துவரின் மகள் அன்று வந்திருந்தார். தட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மண்ணெண்ணெய் தட்டில் போட்டுக் கழுவும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

வலது பக்கம்தான் இந்த எஞ்சினின் மூளை. டைமிங் மூடிக்குள்ளே பற்சக்கரங்கள் வரிசையாகக் கைகோத்து நிற்கின்றன. சக்கரங்களில் புள்ளியும் கோடும் குத்தியிருக்கும். பூட்டும்போது புள்ளிக்கு எதிரே புள்ளி, கோட்டுக்கு எதிரே கோடு வர வேண்டும், அவ்வளவுதான். வால்வு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதெல்லாம் அந்தக் குறிகளில் அடங்கிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத பையனும் அதைச் சரியாகப் பூட்டிவிடுவான். ஆயில் பம்ப் இரண்டு: எண்ணெயை அனுப்ப ஒன்று, திரும்பக் கொண்டுவர ஒன்று. இரண்டையும் ஓட்டும் திருகுப்பல் கிராங்க் நுனியில் இருக்கிறது, அதற்கு எதிர்மரை. தெரியாமல் வழக்கமான பக்கம் திருப்பி அதை முறித்தவர்கள் ஏராளம். பட்டறையில் புதிதாகச் சேரும் பையனுக்கு முதலில் சொல்லித்தரும் பாடங்களில் இதுவும் ஒன்று. அன்று அவர் அதை வாயால் சொல்லவில்லை. பையனின் மணிக்கட்டைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பினார்.

கிராங்க் கேஸ் நெடுக்காக இரண்டாகப் பிளந்தது. உள்ளே இரண்டு ஃப்ளைவீல். நடுவே கனெக்டிங் ராடு. அதன் கீழ்க்கண்ணில் உருளை பேரிங் கிடையாது, எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழலும் ஒரு புஷ்தான். நல்ல எண்ணெயை நேரத்துக்கு மாற்றினால் அது நீண்ட காலம் உழைக்கும். அசட்டை செய்தால் காட்டிக்கொடுத்துவிடும். ராடை உச்சியில் நிறுத்தி மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். பக்கவாட்டு ஆட்டம் இருக்கலாம். மேல்கீழ் ஆட்டம் இருக்கக் கூடாது. இல்லை. வெள்ளத்தில் முழுகிய எஞ்சினில், அத்தனை ஆண்டு ஓடிய புஷ்ஷில், விரலுக்குத் தட்டுப்படும் ஆட்டம் இல்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “டாக்டர் எண்ண மாத்துனவரும்மா” என்றார் பிறகு.

கருவிப் பெட்டியைத் திறந்தபோது அது உறுதியாயிற்று. மூடியில் துரு பிடித்த ஒரு சிறு தகர டப்பா; அதற்குள் மெழுகுத்தாளில் சுற்றிய ஒரு ஜோடி பிளாட்டினம் பாயிண்ட், ஒரு பிளக், செயின் லாக் ஒன்று. நடுச் சாலையில் நின்றால் தேவைப்படுவது இவ்வளவுதான் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். கணக்கு சரிதான். அந்த வண்டியை வைத்திருந்தவர் ஒவ்வொருவரும் கால் மெக்கானிக். பாயிண்ட் கறுத்துப்போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், இடைவெளியைச் சரிபார்ப்பார், பாயிண்ட் எந்த நொடியில் பிரிகிறது என்பதை சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளை இடையில் வைத்து இழுத்துக் கண்டுபிடிப்பார். புஷ் ராடை ஆறிய எஞ்சினில் இரண்டு விரலால் பிடித்து உருட்டுவார்; லேசாக உருள வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. கருவியே வேண்டாம், விரல் போதும்.

கிளப்புவதும் ஒரு வித்தை. தெரியாதவரை கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்க்கும். தெரிந்தவர் சாவியைப் போட்டு, ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டரின் முள்ளைப் பார்ப்பார். கிக்கரை மெதுவாக அழுத்துவார். முள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பாயிண்ட் மூடியிருக்கிறது; நடுவுக்குத் திரும்பினால் திறந்துவிட்டது. டீகம்ப்ரஸர் பிடியை இழுத்து பிஸ்டனை உச்சி தாண்ட விட்டு, பிடியை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடல் பாரம் முழுவதையும் கொடுத்து ஒரே மிதி. கனமான ஃப்ளைவீல் சுழலத் தொடங்கும். மெல்லிய உடல்வாகு உள்ள பெண்களும் இதே முறையில் கிளப்பி ஓட்டியிருக்கிறார்கள். வேண்டியது பலம் அன்று, முறை. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. சிக்னலில் நின்றால் முதல் கியரைத் தவிர எந்தக் கியரிலிருந்தும் ஒரே அழுத்தில் நியூட்ரலுக்கு வர குதிகால் பக்கம் தனியாக ஒரு நெம்புகோல். பிற்காலத்தில் ஐந்து கியர் மாடல்கள் வந்தபோது கியர் இடது காலுக்குப் போய்விட்டது. பழகிய கால்களுக்கு அது இன்றுவரை உறுத்தல்தான்.

இது ஏன் போயிற்று என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. அவை இறுகத்தான் வேண்டும். நம் பிள்ளைகள் மூச்சுவிடும் காற்று அது. தனி எஞ்சின், தனி கியர் பாக்ஸ் என்று இரண்டாக இருந்த அமைப்பில் எண்ணெய் கசியும் மூட்டுகள் அதிகம். டிரம் பிரேக்கை நம்பி நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் போவது ஆபத்து. 2019 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் பிரேக்கைக் கட்டாயமாக்கியது உயிர் காக்கும் சட்டம். 2009 வாக்கில் எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த புது எஞ்சின் வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வார்ப்பிரும்பு எஞ்சினின் காலம் முடிந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது கார்புரேட்டரும் விடைபெற்றுவிட்டது. புது வண்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் போனதற்காக அழுவது புதியதைத் திட்டுவதாகாது.

நான் இரங்குவது இதற்குத்தான்: ஒரு சிற்றூரில், ஒரு மரத்தடியில், பத்துப் பதினைந்து ஸ்பேனரோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் முழுதாக அறிந்துகொள்ளக்கூடிய ஓர் இயந்திரம் நம்மிடம் இருந்தது. அதில் அவருக்குத் தெரியாத மூலை எதுவும் இல்லை. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை கிராங்க் கேஸில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டவைத்து, எந்த பேரிங் சத்தம் போடுகிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காது இன்னும் இருக்கிறது. கேட்பதற்கு வண்டிகள் குறைந்துவிட்டன. போரிங் போட சிதம்பரத்து லேத்துக்காரர் இருக்கிறார். ஆனால் அவருடைய பிள்ளை அந்த மெஷின் முன்னால் நிற்பதில்லை. அசல் பாகம் வேண்டுமென்றால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கேட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் புதுப்பேட்டையில் பழைய இரும்புக் குவியலில் அலைந்து திரிந்து பொறுக்க வேண்டும். கிடைக்கும் புதுப் பாகங்களில் பல, அளவில் மட்டும்தான் அசலைப் போல இருக்கின்றன. இரும்பின் தரம் அந்த இரும்பில்லை.

சீரமைப்பு என்ற பெயரில் இன்று நடப்பதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடில்லை. அசல் மட்கார்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக குரோம் பூசியதை மாட்டுகிறார்கள். எஞ்சின் கேஸை முகம் தெரியும்படி பாலீஷ் போடுகிறார்கள். அப்படித் தேய்க்கும்போது திருவொற்றியூர் வார்ப்பின் அடையாளமே போய்விடுகிறது. பிறகு கல்யாண ஊர்வலத்துக்கும் படம் எடுக்கவும் மட்டும் வண்டி வெளியே வருகிறது. முதுநகர் மெக்கானிக் அப்படிச் செய்யவில்லை. தேய்ந்த பாகத்தை மட்டும் மாற்றினார். மாற்றியவற்றைக் கோணியில் கட்டி, சீட்டு எழுதி, மருத்துவரின் மகளிடமே கொடுத்தார். டேங்க்கின் பழைய கறுப்பு வண்ணத்தில், மருத்துவரின் முழங்கால் உரசி உரசி மங்கிய இடம் ஒன்று இருந்தது. அதற்குப் பெயின்ட் அடிக்கவில்லை. துரு மேலும் பரவாமல் மெழுகு மட்டும் பூசினார். சீரமைப்பு என்றால் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பிரிக்கும்போது எடுத்த அக்கறை பூட்டும்போதும் இருந்தது. ஒவ்வொரு பேக்கிங்கையும் அளந்து வெட்டினார். கிளப்புவதற்கு முன் எண்ணெய் எல்லா இடமும் போய்ச் சேரும்வரை பிளக்கைக் கழற்றி வைத்துக் கிக்கரை மிதித்துக்கொண்டே இருந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு, முள்ளைப் பார்க்கச் சொல்லி, மிதிக்கச் சொன்னார். முதலில் கிளம்பவில்லை. முள் நடுவுக்கு வரும் வரை காத்திருக்காமல் அவசரப்பட்டுவிட்டார். அடுத்து நிதானமாகச் செய்தார், கிளம்பியது. வண்டி இப்போது சிதம்பரத்தில் ஓடுகிறது.

இன்னும் எத்தனை வீட்டுக் கொல்லைகளிலும் மாட்டுக் கொட்டகைகளிலும் இப்படிச் சாக்கு போர்த்திய வண்டிகள் நிற்கின்றனவோ. கடலூர் மாவட்டத்தில் உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால், எடை போட்டுக் காயலான் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் குத்தியிருப்பதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பதிவைப் புதுப்பிக்க வழி உண்டா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். கிக்கர் இறுகியிருந்தால் மிதித்துப் பார்க்காதீர்கள். பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு அப்படியே வையுங்கள். பிறகு, இந்த எஞ்சினைத் தெரிந்த ஒரு மெக்கானிக் இன்னும் கடை திறந்து வைத்திருக்கும்போதே அவரிடம் கொண்டுபோங்கள். அவர் பிரிக்கும் நாளில் வீட்டுப் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.